பகலில் நிற்கும் மூச்சு

அவர் பேக்கரியில் அடுப்படி ஆள். இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போனால், காலை ஏழு மணிக்குப் புருவத்தில் மாவோடு வீடு திரும்புவார். ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் படுக்கப் போவார். படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை தொடங்கிவிடும். இடைவேளையில் மாவு மூட்டைமேல் சாய்ந்து கண்ணசந்தாலும் அப்படித்தான். பேக்கரியில் அவருக்கு 'இன்ஜின்' என்று பெயர்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். படுக்கையறைக்கு அடுத்த அறையில் மோட்டார் வைத்த தையல் மிஷின். அதன் இரைச்சலில் குறட்டை பெரிதாகத் தெரியாது. ஒருநாள் பகலில் மின்சாரம் போனது. பதினாறு வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த குறட்டையை அன்றைக்குத்தான் அவள் உட்கார்ந்து கேட்டாள்.

மெல்ல ஏறியது, உச்சத்துக்குப் போனது, சட்டென்று நின்றது. அவள் மனதுக்குள் எண்ணினாள். பதினெட்டு எண்ணிய பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல அவர் மூச்சை இழுத்தார். பிறகு மறுபடி அதே மாதிரி. அவள் ஒரு வெட்டுத் துணியை எடுத்து, மூச்சு நின்ற ஒவ்வொரு தடவைக்கும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டுக் கோடு.

"என்னங்க, தூங்கும்போது நீங்க மூச்சே விடறதில்ல, தெரியுமா?"

"விடாமத்தான் இத்தனை வருஷமா உசுரோட இருக்கேனா?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த வாரம் அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிப்போனார். இரண்டு தட்டு ரொட்டி கரிக்கட்டையானது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவள் மேஜைமேல் விரித்த துணியில் இருந்த கோடுகளை டாக்டரம்மா எண்ணிப் பார்த்தார். "தூக்கத்துல தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதைய அடைச்சிடுது. மூளை பதறிப்போய் எழுப்பி விடுது. நீங்க தூங்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. உள்ள ஒரு தூக்கமும் நடக்கல."

தூக்கப் பரிசோதனைக்காக அவர் ஓர் இரவு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தலையில், மார்பில், விரல்நுனியில் என்று ஒயர்களை ஒட்டிவிட்டுப் பரிசோதனைக்காரர் விளக்கை அணைத்தார். இவருக்கோ அது வேலை நேரம். கொட்டக் கொட்ட விழித்திருந்து, மாவு ஏன் உப்புகிறது என்று பரிசோதனைக்காரருக்கு விடியும்வரை விளக்கம் சொன்னார்.

"அண்ணே, ராத்திரி முழுக்க உங்க மூளை ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்திருக்கு," என்றார் பரிசோதனைக்காரர், காலையில் கண்ணைக் கசக்கியபடி.

"அப்போ இவர் தூங்கற நேரத்துல பாருங்களேன்," என்றாள் மனைவி.

அதுவரை யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை மூடிப் பகலில் பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றிருந்தது.

"நான் மூணு விட்டுட்டேன்," என்று அவள் வருத்தப்பட்டாள்.

காற்றை அழுத்தி அனுப்பும் ஒரு சின்ன மிஷினும், மூக்கில் மாட்டும் மாஸ்க்கும் வந்தன. முதல் நாள் பத்து நிமிடத்தில் பிடுங்கிப் போட்டார். மறுநாள் அரை மணி. வார் கன்னத்தை அறுத்ததால் அவள் உள்பக்கம் மெத்தென்ற பருத்தித் துணி வைத்துத் தைத்தாள். மூன்றாவது வாரம் குறட்டை காணாமல் போனது. ஆனாலும் தூக்கம் முடியாமலே தினமும் மதியம் ஒரு மணிக்கு டாணென்று விழிப்பு வந்துவிட்டது.

"அதான் மூச்சு சரியாயிருச்சே, அப்புறம் என்ன?" என்று இருவருமே டாக்டரம்மாவிடம் போய் நின்றார்கள்.

"மூச்சு ஒரு சங்கதி, உடம்போட கடிகாரம் இன்னொரு சங்கதி. கண்ணுல வெளிச்சம் பட்டா அது விடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கும். முழு வெயில்ல நடந்து வந்து படுத்துக்கிட்டு, இது ராத்திரின்னு சொன்னா அது எப்படி நம்பும்?"

"அந்தக் கடிகாரம் எங்க இருக்கு டாக்டர்?"

"கண்ணுக்குப் பின்னால, மூளைக்குள்ள. ஒரு அரிசி அளவுதான்."

அவர் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனூண்டு பொருளா தன்னை இப்படி ஆட்டிவைக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தபடி வந்தார்.

மறுநாளிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். கண் ஆபரேஷனா என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். மனைவி இரட்டைத் துணியில் கறுப்புத் திரை தைத்து ஜன்னலில் மாட்டினாள். லீவு நாளிலும் ஊரோடு சேர்ந்து இரவே படுத்துவிடாமல், அதிகாலை நாலு மணிக்குப் படுத்து மதியம் எழுந்தார். சில நாள் பலித்தது, சில நாள் பழையபடி ஒரு மணிக்கே முழிப்புத் தட்டியது.

ஒரு வியாழக்கிழமை அவள் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் வார் பதிந்த தடத்தோடு அவர் வாசற்படியில் வந்து நின்றார். மாலை மணி நாலாகப் போகிறது.

"கனவு வந்துச்சு," என்றார்.

அவருக்குக் கனவு வந்து எத்தனையோ வருடம். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"என்ன கனவு?"

"பெரிய குளம். நடுவுல நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்கேன். நீ கரையில நின்னுக்கிட்டு, செருப்ப எங்க விட்டீங்கன்னு கேக்கற."

"எங்க விட்டீங்க?"

"அதுக்குள்ள முழிச்சிட்டேன்."

"நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை ஓட்டத் தொடங்கினாள்.