ரெண்டு ரூம் கேட்டது யார்?

பிளம்பருக்குக் கோபம் வந்தால் முதலில் சட்டைக் கையைத்தான் மடித்துவிடுவார். அன்றைக்கு ஓட்டல் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று வலது கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, இடது கைக்கு வந்திருந்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அவர் மனைவி டெய்லரம்மாவுக்கு, அந்தக் கையும் மடங்கிவிட்டால் இடமே ரெண்டுபடும் என்று தெரியும்.

"புருஷன் பொண்டாட்டிக்கு எதுக்கும்மா ரெண்டு ரூம்? எங்களப் பாத்தா சண்டை போட்டுக்கிட்டு வந்தவங்க மாதிரியா இருக்கு?"

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் அவர்கள் மகள் வயசு இருக்கும். கழுத்தில் ஓட்டல் கொடுத்த ஸ்கார்ஃப், முகத்தில் ஓட்டல் கொடுத்த சிரிப்பு. சிரிப்பு மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"மொதல்ல ஒரு டபுள் ரூம்தான் சார் புக் ஆகியிருந்துச்சு. அப்புறம் உங்க வீட்டுலேர்ந்து போன் பண்ணி, ரெண்டு சிங்கிளா மாத்தச் சொன்னாங்க. நான்தான் எடுத்துப் பேசினேன்."

"எங்க வீட்டுல யாருக்கு அப்படி ஒரு வேலை? யாரு பேசினது?"

"ஒரு அம்மா பேசினாங்க சார்."

டெய்லரம்மா பெட்டிப் பக்கம் குனிந்துகொண்டாள். குனியாமல் என்ன செய்வாள்? அந்த அம்மா அவளேதான்.

விஷயம் இதுதான். மகளும் மருமகனும் சேர்ந்து, "ரெண்டு பேரும் வேலை வேலைன்னு ஓடுனது போதும், வெள்ளிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க, நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க" என்று இந்த ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்தார்கள். ஊர் சின்னதுதான். குறுக்கே ஒரு ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓட்டல்கள், அந்தப் பக்கம் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். பிளம்பருக்கு 'நல்லா சாப்பிடுங்க' காதில் விழுந்தது. டெய்லரம்மாவுக்கு 'நல்லா தூங்குங்க'.

அவள் பிறந்த வீட்டில் இருந்ததே ஒரு ரூம். அதில் அப்பா, அம்மா, அக்கா தங்கைகள் எல்லாரும் வரிசையாகப் படுப்பார்கள். ராத்திரி யார் கால் யார் மேல் கிடக்கிறது என்று விடிந்தால்தான் தெரியும். கல்யாணமாகி வந்தால் மாமியார், நாத்தனார், கொழுந்தன். அவர்கள் ஒவ்வொருவராய் நகர்ந்தபோது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தையல் மெஷினோ வீட்டுக் கூடத்தில். வாசலுக்குப் போகிறவர், அடுப்படிக்கு வருகிறவர், அளவு கொடுக்க வந்து அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுகிறவர், எல்லாருக்கும் வழி அவள் முதுகுக்குப் பின்னால்தான். தையலில் அவள் கைக்கு நாலு தெருவில் மவுசு. ஆனால் ஒரு ரூமில் தான் மட்டும் இருந்து கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும் என்பது இந்த வயசு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே போய்விடுவோமோ என்று நினைத்தபோது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அதனால்தான் பாத்ரூமுக்குள் போய், தாழ்ப்பாள் போட்டு, பைப்பைத் திறந்து விட்டுக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி ஓட்டலுக்குப் போன் பண்ணினாள். 'போனதும் ஓட்டல்காரன் தப்புன்னு நெனச்சுக்குவாரு, சரி இருந்துட்டுப் போவோம்னு விட்டுருவாரு' என்பது அவள் போட்ட கணக்கு. பாவம், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் மனுஷனை இவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தாள். எந்தத் தப்பையாவது அந்த மனுஷன் விட்டிருக்கிறாரா?

"விடுங்களேன், இருந்துட்டுப் போவோம்" என்றாள் மெதுவாக.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சட்டென்று தலையைத் தூக்கினாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. டெய்லரம்மாவை ஒரு நொடி பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். பிளம்பரிடம் குழைந்து மன்னிப்புக் கேட்டார். கம்பெனி மீட்டிங்குக்கு வந்தவர்களால் ஓட்டல் நிரம்பி வழிகிறதாம், நாளை மத்தியானம் ஒரு டபுள் ரூம் காலியாகுமாம், உடனே மாற்றித் தந்துவிடுவாராம். பிறகு பெண்ணின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஞாயித்துக்கிழமை லீவு கேட்டிருந்தல்ல? கெடையாது. போன்ல சொல்றத ஒழுங்காக் கேட்டு எழுதக் கத்துக்கோ மொதல்ல" என்றார்.

டெய்லரம்மா அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

ரூம் சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆற்றைப் பார்த்த ஒரு ஜன்னல். கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். திரைச்சீலையின் ஓரத்தையல் கோணலாக இருந்தது; 'இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன' என்று விட்டாள். கட்டிலுக்கு நட்டநடுவில் படுத்து, கையை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் நீட்டினாள். எதுவும் யார் மேலும் படவில்லை. ஃபேனைத் தனக்குப் பிடித்த வேகத்தில் வைத்தாள். யாரும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 'இந்தா, என் கண்ணாடி எங்க?' என்று யாரும் கேட்கவில்லை. அடேயப்பா, ஒரு மனுஷிக்கு இவ்வளவு இடமா! தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவள் பேசாமல் படுத்துக் கிடந்தாள், பொழுது சாய்கிறவரைக்கும். நடுநடுவில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வந்து வந்து குத்தியது.

இருட்டத் தொடங்கியதும் இருவரும் பாலத்தைத் தாண்டிச் சாப்பிடப் போனார்கள். பிளம்பரின் கோபம் சாப்பாட்டு வாசனை வரைக்கும்தான் தாங்கும். ஆற்றோரமாக மேசை போட்டிருந்த கடையில் உட்கார்ந்து, சூப், வெண்ணெயில் வதக்கிய மீன், சுடச்சுட ரொட்டி என்று ஒரு கை பார்த்தார். மீனில் முள்ளில்லாத நடுத்துண்டை எடுத்து முதலில் அவள் தட்டில் வைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் நல்லவராகத் தொலைய வேண்டுமா?

"இன்னிக்கு ஒரு ராத்திரி பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிடு. நாளைக்கு மத்தியானம் மாத்திக்கலாம். தனியா இருக்க பயமா இருந்தா போன் பண்ணு, என்ன?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு ரூம் கேட்டது நான்தான்."

பிளம்பர் சிரித்தார். "ஒனக்கு எல்லார் மேலயும் எரக்கம். அவ திட்டு வாங்கினா ஒனக்குப் பொறுக்காதே."

"எரக்கமெல்லாம் இல்லைங்க. சத்தியமா நான்தான் பேசினேன். பாத்ரூம்ல பைப்பத் தெறந்து விட்டுக்கிட்டுப் பேசினேன்."

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது. "தண்ணி வீணாப் போகுதுன்னு வெளிய நின்னு கத்தினேனே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

சட்டைக் கைக்கு வேலை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவர் குரல்தான் இறங்கிப் போயிருந்தது.

"நான் என்ன பண்ணேன்? கொறட்டையா?"

"கொறட்டையும்தான்" என்றாள். பொய் சொல்வானேன்? "ஆனா அது மட்டும் இல்ல. ஒங்களப் பிடிக்காமயும் இல்ல. பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் கூட நான் ஒரு ரூம்ல தனியா இருந்தது இல்லைங்க. நான் மட்டும் இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆச. கேட்டா நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு பயந்து, அந்தப் பொண்ணத் திட்டு வாங்க வச்சிட்டேன்."

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன். சாயங்காலம் பூரா."

"எப்படி இருந்துச்சு?"

'அப்படி ஒண்ணும் பிரமாதமில்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும், ஐஸ்கிரீம் கூட வரவழைப்பார். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாய் வரவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. மீன் ஆறிப்போனது. திரும்பும்போது பாலத்தில் நாலடி முன்னால் நடந்தார். ஓட்டலில் மேசைக்குப் பின்னால் வேறு ஒரு ஆள் இருந்தான்; அந்தப் பெண் வேலை முடிந்து போய்விட்டாள், மேனேஜரும் இல்லை. விடிந்ததும் முதல் காரியமாக இறங்கி வந்து சொல்லிவிட வேண்டும் என்று டெய்லரம்மா முடிவு பண்ணிக்கொண்டாள். பிளம்பர், "தூங்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் ரூமுக்குள் போனார்.

'பாவி, அந்த மனுஷன் மனசப் புண்படுத்திட்டியே' என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் படுத்தாள். தூக்கம் எங்கே வரப்போகிறது என்று நினைத்தாள். சொன்னால் வெட்கக்கேடு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். கண் விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில்.

பதறி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, ரெண்டே ரெண்டு தட்டு. ரூமைக் கூட்ட வந்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

அவர் குரல். டெய்லரம்மா துண்டும் கையுமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவர் அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"கீழ போயிட்டு வந்தேன். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். மேனேஜர்கிட்டயும், தப்பு எங்க மேலதான், பொண்ணுக்குக் குடுக்க வேண்டிய லீவக் குடுங்கன்னு சொன்னேன். குடுத்துட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒன் கொரலக் கேட்டதுமே அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சு போச்சாம். எனக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லாம விட்டுச்சாம்."

"ஐயோ" என்றாள். "நானும் எறங்கிப் போய்ப் பேசணும்."

"பேசு. நல்ல பொண்ணு." ஒரு தொண்டைச் செருமல். "டபுள் ரூம் வேணாம்னுட்டேன். நாளைக்குக் காலி பண்ற வரைக்கும் இந்த ரூம் ஒனக்குத்தான்."

அவள் கதவில் கையை வைத்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. ராத்திரி இருந்துச்சு, இல்லைங்கல. அப்புறம் பாத்தா எனக்கும் நல்லாத்தான் தூக்கம் வந்துச்சு. வெலாவுல முழங்கையால இடிக்க யாரும் இல்ல பாரு."

"பின்ன, அந்தக் கொறட்டைக்கு இடிக்காம கொஞ்சுவாங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவர் கைப்பிடியைத் திருப்புவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். கைப்பிடி அசையவில்லை.

"இந்தா, காப்பி வாங்கிட்டு வந்திருக்கேன். நான் உள்ள வரலாமா?"

டெய்லரம்மாவுக்குச் சட்டென்று கண் நிறைந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இருக்கிற இடத்துக்குள் அவர் வந்திருக்கிறார், போயிருக்கிறார். அவள் உடை மாற்றும்போது வந்திருக்கிறார், தலைவலியோடு படுத்திருந்தபோது வந்திருக்கிறார், அழுதுகொண்டிருந்தபோது வந்து சட்டை பட்டனைத் தேடிவிட்டுப் போயிருக்கிறார். வரலாமா என்று கேட்டதில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. கேட்பதற்கு அவளிடம் ஒரு கதவு இருந்ததே இல்லை.

'வாங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள்.

"சரி."

அவள் அவசரப்படவில்லை. முகத்தைத் துடைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரினாள். போர்வையை மடித்தாள், நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள், திரைச்சீலையை விலக்கினாள். அவ்வளவு நேரமும் வெளியே ஒரு சத்தம் இல்லை. காப்பி ஆறுகிறதே என்று கூட ஒரு முனகல் இல்லை. தலை வாரி, துவைத்த சட்டை போட்டு, ஒரு கையில் ரெண்டு கப் வைத்த தட்டோடு அந்த மனுஷன் நின்றுகொண்டிருந்தார், கதவைத் திறந்தபோது.

"வாங்க" என்றாள்.

உள்ளே வந்தவர், வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார்.