குழாய் நுனியில் சந்தனம்

ஆயுத பூசையன்று விமானத்துக்கும் பொட்டு வைப்போம். ஈப்போவில் எங்கள் பிளையிங் கிளப்பில் இருப்பது நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். அதைக் கழுவித் துடைப்பது என் வேலை.

இந்த வருடம் எலுமிச்சம்பழம் மறந்துபோனது. மெக்கானிக் ஜெயபாலன் அண்ணன் மோட்டார் சைக்கிளில் குனோங் ராபாட் கடைக்குப் போய் வாங்கி வருவதற்குள், பைலட் பிரமிளா அக்கா விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பூசை. மூக்கில், கதவில், சக்கரத்தில் சந்தனம் வைத்தேன். இடது இறக்கைக்கு அடியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. நான் கழுவும்போதெல்லாம் அதில் சிவப்பு உறை இருக்கும். சோதனைக்காக அக்கா அதைக் கழற்றியிருந்ததால் அன்றுதான் உறையில்லாமல் பார்த்தேன். அதன் நுனியிலும் அப்பினேன்.

சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்க, அக்கா தனியாகக் கிளம்பினார்.

ஜெயபாலன் அண்ணன் அந்தச் சிவப்பு உறையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அது எதுக்குண்ணே?”

“குளவி கூடு கட்டிடும்லா. எதிர்க்காத்து குழாய் ஓட்டையில அழுத்தினாத்தான் ஸ்பீட் முள்ளு ஏறும். அடைச்சிக்கிச்சின்னா எவ்ளோ வேகத்துல போறோம்னே தெரியாது. வேகம் கம்மியாச்சின்னா கீழதான்.”

என் விரலில் சந்தனம் காய்ந்திருந்தது. “அண்ணே, அந்த ஓட்டையில நான் பொட்டு வச்சிட்டேன்,” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. என் குரல் எப்போதுமே மெல்லியது, யாருக்கும் சட்டென்று கேட்காது. ஓடுபாதையில் எஞ்சின் உறுமியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன்.

அவர் ரேடியோவை எடுப்பதற்குள் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. பாதி தூரத்தில் எஞ்சின் சத்தம் இறங்கியது. விமானம் தரையிலேயே மெதுவாகித் திரும்பி, எங்களை நோக்கி வந்தது. நான் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா இறங்கினார். “முள்ளு அசையவே இல்ல. நிறுத்திட்டேன், அவ்ளோதான்.” குனிந்து குழாயைப் பார்த்தார். “யாரு வேல இது?”

“பூச அவசரத்துல…” என்று அண்ணன் இழுத்தார்.

“நான்தான்கா.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “நல்லா வச்ச போ. முள்ளு அப்படியே தியானத்துல உக்காந்துருச்சி.”

அண்ணன் சிரித்துவிட்டார். நான் ஊதிச் சுத்தம் செய்யக் குனிந்ததும் தோளைப் பிடித்து நிறுத்தினார். “ஊதினா முள்ளு கெட்டுடும். நான் கழட்டிப் பாக்குறேன். நீ துணி கொண்டா.”

அண்ணன் குழாயைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, மத்தியானம் அக்கா மறுபடி கிளம்பினார். “சாந்தினி, ஏறு. முள்ளு அசைஞ்சதும் நீதான் சொல்லணும்.”

விமானம் ஓடியது. முள் துடித்தது.

“ஏறுதுக்கா.”

“கேக்கல லா.”

“ஏறுது,” என்று கத்தினேன். அதன் பிறகுதான் அக்கா விமானத்தைத் தூக்கினார்.