மூன்றாவது பிரேக்

காலை ஒன்பது மணிக்கு அத்தான் என் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கிரீஸும் இரும்புத்தூளும் கிடக்கிற தரையில் வெறுங்காலோடு. அது காருக்குக் காட்டிய மரியாதை, எனக்கில்லை. என் அக்காவைக் கட்டிய இத்தனை வருடத்தில் 'ஸ்பேனர் பிடிக்கிறவன்' என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு பட்டம் கிடைத்ததில்லை.

கார் அவருடைய அப்பா வாங்கியது, என்னைவிட வயதில் மூத்தது. மலைச்சாலையில் சுமை லாரிகூட ஹாரன் அடித்துவிட்டு அதை முந்திப் போகும். அந்த ரோஷத்தில்தான், பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு புதுக் காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வாங்கி வந்து இதில் ஏற்றச் சொன்னார். நாற்பது நாள் மாரடித்தேன். சட்டத்தை வெட்டி, புதுத் தாங்கிகளை வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, ஒருவழியாக உட்கார வைத்தேன். பழையதைவிட மூன்று மடங்கு பலம். பிரேக் மட்டும் அதே பழையது. புதிதுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன்.

"இன்னும் பத்து நாள் பொறுங்க அத்தான், பிரேக்கையும் மாத்திடறேன்."

"ஓட்டியாவது காட்டுடா."

காட்டினேன். புத்தி கெட்டுப்போன இடம் அது. ஆளில்லாத நேர் சாலையில் வேகமெடுத்து பிரேக்கை மிதித்தேன், ஆணி அடித்தாற்போல் நின்றது. மறுபடியும் அப்படியே. அத்தான் என் முதுகில் தட்டி, "நீ மெக்கானிக் இல்லடா, இன்ஜினியர்!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் வேகமெடுத்து மூன்றாவது தடவை மிதித்தேன். நின்றது. ஆனால் பிரேக் மிதி ஓர் அங்குலம் கூடுதலாகக் கீழே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, என் காலுக்குத் தெரிந்தது. பிரேக் சூடானால் உள்ளே இருக்கும் ஆயில் கொதிக்கும், கொதித்தால் மிதிக்குப் பிடிமானம் போய்விடும். இது எனக்குத் தெரியாததா? சொன்னால் இன்ஜினியர் பட்டம் பறந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"மலை மேல மூத்த பொண்ணு வீட்டுக்கு உங்க அக்காவோட போயிட்டு சாயங்காலம் வண்டிய விட்டுடறேன்" என்று சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். "பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். யாரும் யாருக்கும் சொல்வதுதான்.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கேயே இருக்கச் சொல்லிவிடலாம் என்று அத்தானுக்கு இரண்டு முறை போன் போட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. மூன்றரைக்கு அக்கா மகளைப் பிடித்தேன்.

"இப்பதான் கிளம்பினாங்க மாமா. அப்பாவுக்குத் தலைகால் புரியல. உங்களைப் பத்தியே பேச்சு."

அக்காவை அழைத்தேன், கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். நாலு மணிக்கு அவளே அழைத்தாள்.

"தம்பி, வண்டி வெண்ணெய் மாதிரி போகுதுடா. இவரும் இன்னைக்கு மெதுவாத்தான் ஓட்டறார்."

"மெதுவான்னு எப்படிச் சொல்ற?"

"கண்ணாடி ஆடலையே."

அந்தக் காரின் வேகமுள் செத்து வெகுகாலம் ஆகிறது. நாற்பதில் கதவுக் கண்ணாடி நடுங்கும், அறுபதில் மேலே இருக்கும் கண்ணாடியும் சேர்ந்துகொள்ளும், அதற்கு மேல் போனால் அக்கா திட்டுவாள். அவர்கள் வேகம் பார்த்ததெல்லாம் அப்படித்தான். அந்த நடுக்கம் பழைய இன்ஜினுடையது. புது இன்ஜினுக்கு அடியில் நான் நல்ல ரப்பராகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன்.

"ஏதோ தீஞ்ச வாடை வருதுடா. புது இன்ஜின்னா அப்படித்தான் இருக்கும்னு இவர் சொல்றார்."

"அக்கா, ஸ்பீக்கர்ல போடு. அத்தான், கியரைக் குறைங்க. ஒண்ணு ஒண்ணா குறைங்க. கை பிரேக்க மெதுவா இழுங்க. வண்டிய மலைப்பக்கமா ஒட்டி..."

காற்று இரைந்தது. அதற்கு நடுவில் தொப் தொப்பென்று ஒரு சத்தம், விட்டு விட்டுக் கேட்டது, பிறகு விடாமல் கேட்டது.

"தம்பி" என்றாள் அக்கா. அவள் குரலில் அப்போதும் பயமில்லை. "இவர் எதுக்குடா கால தரையில போட்டு உதைச்சுக்கிட்டே இருக்கார்?"