ஏறுவரிசை

"நடுவுல இருக்கறதுதானே இடைநிலை? பதினொண்ணாவது எண்ண எடுத்துட்டேன், இதுல என்ன தப்பு இருக்குன்னு நீங்க—"

"அடுக்காம எடுத்தா அது இடைநிலை இல்ல, உன் தலையெழுத்து. போன தடவையும் இதே இடத்துலதான—"

"போன தடவைய இழுக்காதீங்க அண்ணி."

"நான் எங்க இழுத்தேன்? அதுவா வந்து நிக்குது."

அண்ணி மேல்மாடியில் பெண்கள் வார்டு செவிலி. நாத்தனார் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ஆய்வகத்தில் இரத்தம் எடுத்துச் சோதிக்கிறவள். மதியம் இரண்டு மணிக்கு அவளுக்குப் புள்ளியியல் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் வேலை இல்லை என்று கடிதமே வந்துவிட்டது.

போன வருஷமே தேறிவிட்ட அண்ணிக்கு வாய் சும்மா இருக்குமா?

"புத்தகத்துக் கணக்க மூடி வை. இன்னைக்கு எங்க வார்டு சர்க்கரை இருபத்தொரு பேருக்கு இருக்கே, அத வச்சுப் போட்டுப் பாரு. நிஜ எண்ணுன்னா பயம் தெளியும்."

"எதையாவது அழிச்சுட்டேன்னா?"

"ஊர் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சுற கை, ஒரு பட்டனுக்கு நடுங்குது. உங்கண்ணனுக்குப் பல் பிடுங்கறப்ப துணைக்குப் போய் மயங்கி விழுந்தவதானே நீ." அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொரு மணிக்கு இன்சுலின் போடணும். முந்நூறு தாண்டினவங்களுக்குத்தான் எப்பவும் முதல்ல. வரேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் அன்றைய பட்டியலைத் திறந்தாள். முதல் நெடுவரிசையில் கட்டில் எண், அடுத்ததில் பெயர், அதற்கடுத்து சர்க்கரை. வார்டிலும் இதே பட்டியல்தான் திரையில் தெரியும். நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள், நினைத்ததோடு சரி. சராசரி நூற்று அறுபத்து மூன்று வந்தது. திட்ட விலக்கமும் வந்தது. இனி இடைநிலை. சர்க்கரை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னாள். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்து அடுக்கவா என்று திரை கேட்டது. எதற்கு வம்பு, எண் மட்டும் போதும் என்று வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

எண்கள் அடங்கி ஒடுங்கி வரிசையில் நின்றன. பதினொன்றாவது, நூற்று நாற்பத்திரண்டு. சந்தேகத்துக்குச் சராசரியை மறுபடி போட்டாள். அதே நூற்று அறுபத்து மூன்று. திட்ட விலக்கமும் இம்மி பிசகவில்லை. ஒன்றும் கெடவில்லை. பட்டியலை மூடிவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக மூச்சு விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று திறந்தபோதுதான் கட்டில் எண்கள் கண்ணில் பட்டன.

முதல் கட்டில், ஐம்பத்து நான்கு. இரண்டாம் கட்டில், எழுபத்தொன்று. மூன்றாம் கட்டில், எழுபத்தெட்டு. அப்படியே படிப்படியாக ஏறி, கடைசியில் இருபத்தொன்றாம் கட்டில், முந்நூற்று நாற்பத்தெட்டு. எந்த வார்டில் சர்க்கரை கட்டில் எண்ணைப் பார்த்து ஏறும்?

பட்டியல் தானாகவே சேமித்துக்கொள்ளும் ரகம். செய்ததைத் திருப்பும் அம்புக்குறி மங்கிக் கிடந்தது. சோதனை இயந்திரம் துப்பிய காகிதச் சுருள் தட்டில் இருந்தது. அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இழுத்த வேகத்தில் சுருள் கிழிந்தது. இருபத்தொன்றாம் கட்டிலின் உண்மையான சர்க்கரை ஐம்பத்து நான்கு.

ஒல்லியான அந்தத் தையல்காரம்மா. காலையில் கையை நீட்டிக்கொண்டே, "இந்த நடுக்கத்தோட என் மெஷின்ல உக்காந்தீன்னா, சட்டை தச்சா குடை வரும் தாயி" என்று சிரித்தவள். ஐம்பத்து நான்குக்குத் தாழ்ந்து கிடப்பவளுக்கு, முந்நூற்று நாற்பத்தெட்டுக்கான ஊசி.

மணி பதினொன்று ஐந்து.

சுருளைப் பார்த்துப் பேசாமல் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? சராசரிகூட மாறாது. சொன்னால், பரீட்சை எழுதுவதற்கு முன்பே வேலை போய்விடும். ஆனால் திருத்தி முடிப்பதற்குள் மேலே ஊசி ஏறிவிடும். போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன, இடைநிலை வந்துச்சா?" என்றாள் அண்ணி.

"அண்ணி, அந்த லிஸ்ட்டப் பார்க்காதீங்க. நான் கலைச்சுட்டேன்."

"எத?"

"எண்ண மட்டும் அடுக்கிட்டேன். பேரு இருந்த இடத்துலயே இருக்கு. ஒருத்தர் சர்க்கரை இன்னொருத்தர் பேருல நிக்குது."

மறுமுனையில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. ஏதோ ஒரு கண்ணாடிக் குப்பி தட்டில் உருண்டது.

"கடைசிக் கட்டில் தையல்காரம்மாவுக்கு ஊசி போட்டுட்டீங்களா, அண்ணி?"