ஐந்தாம் பாட்டன் விடுபட்ட நாவல்

பிஷ்கெக்கில் எங்கள் பதிப்பகத்துக்கு யார் கையெழுத்துப் பிரதியோடு வந்தாலும் இயக்குநர் கச்கின்பாய் ஒரே கேள்விதான் கேட்பார். தொலோகோனிடமும் அதையே கேட்டார்.

“யாருக்கு எழுபது?”

தொலோகோன் நாரின் என்ற மலை ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். ஒன்பது வருடம் எழுதிய முதல் நாவலை, மருந்துக் கம்பெனி கொடுத்த பையில் வைத்துக்கொண்டு மூன்று பதிப்பகங்கள் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார்.

“எழுபது யாருக்கும் இல்லண்ணே. இது ஒரு குதிரை டாக்டரோட கதை.”

“அது உள்ள இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அட்டையில யாரு? பிறந்தநாள் விருந்து இல்லாம புத்தகம் போட்டா எவன் தொடுவான்? விருந்துன்னா முந்நூறு பேர் வருவான். வேண்டாம்னு சொல்ல முடியாம எடுத்துட்டுப் போவான்.”

“எடுத்துட்டுப் போனா படிப்பாங்களா?”

இயக்குநர் அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“எனக்கு ஒருத்தர் போதும்ணே. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் பொண்டாட்டியே நாலாம் பக்கத்துல தூங்கிட்டா.”

நல்லவேளையாக அவருடைய மாமனார் ஒஸ்மோனலிக்கு அந்த இலையுதிர் காலத்தில் எழுபது முடிந்தது. ஓய்வுபெற்ற மாவட்ட அதிகாரி. அட்டையில் அவரே வெள்ளைக் கம்பளித் தொப்பியும் பதக்கங்களுமாக நின்றார். முதல் நாற்பது பக்கத்தில் அவருடைய ஏழு தலைமுறைப் பாட்டன்மார், அவர் திறந்துவைத்த பாலங்கள், அவரை மலையோடு ஒப்பிடும் வாழ்த்துப் பாக்கள். பாலங்களில் இரண்டு இப்போது இல்லை. அதற்கெல்லாம் பின்னால், வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரர்போல, நாவல்.

மெய்ப்புத் திருத்தியது நான்.

விருந்தில் மிஞ்சிய கறியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். புத்தகமும் அதே பையில் போனது. பிறகு ஒரு மாதம் தொலோகோன் வாரம் இரண்டு தடவை போன் செய்தார். “அக்கா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?” இல்லை என்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பது படிப்பில் சேராது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒஸ்மோனலியே புத்தகத்தோடு வந்து நின்றார். பின்னால் தொலோகோன். மாமனார் படித்துவிட்டார் என்ற பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. கிழவர் பதினோராம் பக்கத்தை விரித்து மேஜையில் அறைந்தார்.

“எண்ணு.”

இயக்குநர் விரல்விட்டு எண்ணினார். “ஆறு.”

“ஏழு பாட்டன் பேரைச் சொல்லத் தெரியாத பயலுக்குப் பொண்ணு கிடையாதுன்னு இவனையே நிக்க வெச்சு ஒப்பிக்கச் சொன்னவன் நான். இப்ப முந்நூறு வீட்டுக்குக் கறியோட சேத்து ஆறுன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க! அஞ்சாவது ஆளு பெக்துர் எங்கய்யா?”

“நாவல் எப்படி இருந்துச்சு மாமா?” என்றார் தொலோகோன்.

“எந்த நாவல்?”

இயக்குநர் முந்நூறையும் எங்கள் செலவில் திரும்ப அச்சடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். எங்கள் பதிப்பகத்தின் முதல் இரண்டாம் பதிப்பு அது. கிழவரைத் தட்டச்சு செய்பவரிடம் அழைத்துப் போனார்.

தொலோகோன் என் மேஜைக்கு வந்தார். “உங்க வேலையே இதுதானேக்கா? எப்படி விட்டீங்க?”

“கடைசி மெய்ப்பு பார்க்கிறப்போ சாயந்திரம் ஆபீஸ் மூடிட்டாங்க. உங்க நாவல்ல வர்ற பெட்டைக்குதிரை அப்ப ஆத்துல பாதியில நிக்குது. மறுநாள் அந்த முதல் நாற்பது பக்கத்தை இன்னொருவாட்டி பார்க்கச் சொன்னாங்க. பார்க்காமலே தாண்டி ஆத்துக்குப் போயிட்டேன்.”

அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பக்கத்து அறையில் ஒஸ்மோனலி பாட்டன்மார் பெயரை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“முடிவு வரைக்கும் படிச்சீங்களா?”

“ரெண்டு தடவை.”

“அது கரையேறினது... நம்புற மாதிரி இருந்துச்சா?”

“இல்ல. பனி உருகி வர்ற ஜூன் மாச வெள்ளத்துல அது ஏறியிருக்காது.”

அவர் நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு என் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

இரண்டாம் பதிப்பில் பெக்துர் இருக்கிறார். குதிரை இல்லை.