கார்டு இல்லாத ரயில்

திரிசூலத்து மலைக்குப் பின்னால் வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வளைகுடா நாட்டிலிருந்து வந்த விமானம், தன் வயிற்றிலிருந்த மனிதரையும் மூட்டைகளையும் ஒருசேரக் கக்கிவிட்டு ஓய்ந்து நின்றது. இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை ஓய்ந்ததுபோல் ஓய்ந்து, மறுபடியும் தூறலாகத் தலைகாட்டிற்று. காற்றில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் நெடி. வாகனங்கள் நிற்கும் திடலின் கடைக்கோடியில், பயணிகள் போட்டது போட்டபடி விட்டுச் சென்ற டிராலிகளைக் குப்புராஜ் ஒவ்வொன்றாக இழுத்து வந்து, ஒன்றன் வயிற்றுக்குள் மற்றொன்றைச் செருகிக்கொண்டிருந்தான். ஈர இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. ஒரு டிராலியின் சக்கரத்தில் நைலான் கயிறு சுற்றிக்கொண்டு உருள மறுத்தது. அவன் குந்தி அமர்ந்து, பல்லால் கடித்து இழுத்து அதனை விடுவித்தான்.

இவ்வாறு செருகிய நெடுவரிசைக்கு அவர்கள் இட்ட பெயர் ரயில். தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் வேறென்ன பெயர் இடுவார்கள்? ஆனால் இந்த ரயிலுக்கு எஞ்சின் பின்னால், கார்டு முன்னால். பின்னால் நின்று மார்பைக் கொடுத்துத் தள்ளுகிறவன் எஞ்சின். அவன் கண்ணுக்கு எட்டுவது இரும்பு முதுகுகளின் வரிசை மட்டுமே. எதிரில் வருவது எமனா எருமையா என்று அவனுக்குத் தெரியாது. வரிசையின் தலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் கார்டு. குழந்தை குறுக்கே வந்தால் குரல் கொடுப்பான். கார் பின்வாங்கினால் கையை உயர்த்துவான். முனையத்து வாசலுக்கு ஏறும் சரிவில் ரயில் பின்னோக்கி உருளத் தொடங்கினால், அதன் தலையைச் சட்டென்று திருப்பி ஓரக்கட்டையில் சாத்தி நிறுத்துவான். எஞ்சினின் உயிர் கார்டின் கையில். குப்புராஜ் நெடுநாளாகச் சவுரிமுத்து என்னும் எஞ்சினுக்குக் கார்டாக இருந்தவன்.

இருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில், புதிய பன்னாட்டு முனையம் திறந்த கையோடு, டிராலி வேலையையும் வாசல் பராமரிப்பையும் ஒப்பந்தத்துக்கு எடுத்தவர் துரைராஜ் என்னும் பெருந்தகை. கத்தரி வெயிலிலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்தாதவர். ‘இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு’ என்னும் இரண்டு சொற்களை எவரோ அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தனர். கற்ற கல்வியை வஞ்சனையின்றி எல்லாவற்றின் மேலும் பூசிக்கொண்டிருந்தார். சொரசொரப்பான சிமெண்டுச் சரிவு அவர் கண்ணுக்குத் தரக்குறைவாகப் பட்டது. முகம் பார்த்துத் தலை வாரத்தக்க பளபளப்பான கல்லை அதன்மேல் பதித்தார். அந்தக் கல்லில் மழை நாளில் ஈயும் வழுக்கும். வாசலில் ஒரு நீரூற்றை நிறுவினார்; அது நாள்முழுதும் ஊரைப் பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தது. அதனருகே தொழிலாளி குடிக்க ஒரு குழாய் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் அவர் பார்வை கார்டுகளின் மேல் விழுந்தது. வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறவனுக்கு எதற்குக் கூலி என்று கேட்டார். பாதிப்பேர் வீட்டுக்குப் போயினர், குப்புராஜ் உட்பட மீதிப்பேர் எஞ்சின்களாயினர். முன்னால் பார்க்க ஆள் வேண்டாமா என்று அவர்கள் முணுமுணுத்தபோது, துரைராஜ் ஆளுக்கொரு மஞ்சள் நிற பிளாஸ்டிக் விசிலை வாங்கி வந்து கழுத்தில் மாட்டினார். ஊதிக்கொண்டே தள்ளினால் உலகம் தானே ஒதுங்கும் என்பது அவர் சித்தாந்தம். விசில் சத்தம் பயணிகளின் காதுக்கு இடையூறு என்று மேலிடத்து அதிகாரி மறுநாளே தடுத்துவிட்டார். துரைராஜ் அதற்கும் ஒரு வழி கண்டார். விசில் கழுத்திலேயே தொங்கட்டும், ஊத மட்டும் வேண்டாம் என்றார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பவரை ஊர் பார்த்திருக்கிறது. தும்பை வெட்டி எறிந்துவிட்டு வாலுக்கு விசில் மாட்டியவர் இவர் ஒருவரே.

“மாட்டுக்கு மணி கட்டுனா சத்தமாச்சும் வரும்டா,” என்றார், அவர்களுள் மூத்தவரான ஏசுபாதம். “நம்மள அதவிடக் கேவலமா கட்டிக்கீறான்.”

அன்று விடியலில் குப்புராஜுக்கு முன்னால் சவுரிமுத்து தன் ரயிலைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறினான். டிராலி கிடைக்காத பயணிகள் கூச்சலிடுகிறார்கள் என்று மேற்பார்வையாளர் விரட்டியதால், வழக்கத்தைவிட நீண்ட ரயில். பாதிச் சரிவில் சவுரிமுத்துவின் கால் வழுக்குவதைக் குப்புராஜ் கண்டான். ரயிலின் தலை ஒருகணம் தயங்கி நின்று, பின்பு வந்த வழியே திரும்ப முடிவு செய்தது. குப்புராஜ் தன் வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். பழைய பழக்கத்தில் அவன் கை அந்தத் தலையைப் பிடிக்க நீண்டது. எட்டவில்லை. இரும்பெல்லாம் ஒரே ஓசையாக உருண்டு வந்து, கீழேயிருந்த தூணோடு சவுரிமுத்துவின் வலக்காலைச் சேர்த்து நசுக்கிற்று. மஞ்சள் விசில் அவன் மார்பின்மேல் பத்திரமாகக் கிடந்தது.

துரைராஜ் ஓடோடி வந்தார். முதலில் தூணைத்தான் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை என்றதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. பளபளப்பான கல்லில் குருதி நன்றாகத் தெரியும் அல்லவா? ஆகவே சவுரிமுத்துவை ஆட்டோவில் ஏற்றும் முன்பே, கூட்டித் துடைக்கும் பெண்களை அழைத்து அதைக் கழுவச் செய்தார்.

மறுநாள் மாலை குப்புராஜைத் தம் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். என்றுமில்லாத அதிசயமாக உட்காரச் சொன்னார். டீ வந்தது. அதிகாரி நாளைக் காலை விசாரிக்கப் போகிறார், நேரில் பார்த்தவன் குப்புராஜ் ஒருவனே என்று தொடங்கி, நெடுநேரம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தார்.

“நீ பெரிசா ஒண்ணும் சொல்ல வேணாம்பா. அவன் வாயில வாசனை அடிச்சுதுன்னு ஒரு வார்த்தை. கேஸ் குளோஸ்.”

“அவரு டூட்டிக்கு வர்றப்ப குடிக்க மாட்டாரு சார்.”

“சண்டே குடிக்கிறான் இல்ல? நான் இன்னா பொய்யா சொல்லச் சொல்றேன், கிழமையைத்தானே மாத்தறோம்.” தம் நகைச்சுவையைத் தாமே மெச்சிக்கொண்டார். “அடுத்த மாசத்துலேர்ந்து நீ சூப்பர்வைசர். வாக்கி டாக்கி கையில. இனிமே தள்ற வேலையே இல்ல. யோசிச்சுப் பாரு.”

குப்புராஜ் யோசிக்கத்தான் செய்தான். பொய் சொல்லக் கூடாது என்று அசையாமல் நிற்க அவன் கல்லால் ஆனவன் அல்லன். அனகாபுத்தூரில் அவன் குடியிருந்த சந்துக்குள் ஆண்டுதோறும் அடையாற்று வெள்ளம் விருந்தாளியைப் போலக் கேளாமல் நுழையும். அவன் மனைவி காந்திமதி, அரிசிப் பானையை உறியில் கட்டித் தொங்கவிட்டு, மேட்டுத்தெருவில் ஒரு வீடு பார்க்கச் சொல்லி அவனை நச்சரிக்காத மழைக்காலம் இல்லை. மேற்பார்வையாளரின் சம்பளத்தில் அது கைகூடும். பொய் சொல்லாவிட்டாலோ, இருக்கிற வேலையும் போய்விடும். அப்புறம் மேட்டுத்தெருவும் இல்லை, பள்ளத்துச் சந்தும் இல்லை.

வீட்டுக்குப் போகாமல் அவன் நேரே குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனான். சவுரிமுத்துவின் காலில் இரும்புக் கம்பி செருகி, மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தனர். இனி அந்தக் கால் நெடுநேரம் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்பதைத் தவிர வேறு பிழைப்பு அறியாதவனுக்கு அதன் பொருள் தெரியும். துரைராஜ் கேட்டதைக் குப்புராஜ் மறைக்காமல் சொன்னான்.

சவுரிமுத்து சிரித்தான். “சொல்லிடு மச்சான். கால்தான் போச்சு, மானம் போனா இன்னா. நீயாவது மேல போ. ரெண்டு பேரும் வூட்ல குந்திகினு இன்னா பண்றது?”

கட்டிலின் தலைமாட்டில் நின்ற அவன் மனைவி அமலராணி, ஆரஞ்சுப் பழத்தை உரிப்பதை நிறுத்தவில்லை.

“நீ சும்மா கெட,” என்றாள் கணவனிடம். பின்பு குப்புராஜைப் பார்த்தாள். “அண்ணா, இவருக்குச் சாதகமா நீ ஒண்ணும் பேச வேணாம். பாத்தத சொல்லு. குடிச்சிட்டு வுழுந்தான்னு ஆச்சுன்னா மருந்துக்குக்கூட கையேந்த முடியாது. நாளைக்கு இன்னொருத்தன் கால் நசுங்குனா அவனும் குடிகாரன்தான்னுவான்.”

உரித்த பழத்தில் பாதியை அவன் கையில் வைத்தாள். அதை வாயில் போட்டுக்கொள்ள அவனால் முடியவில்லை. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியேறினான்.

மறுநாள் திரிசூலம் நிலையத்தில் முதல் ரயிலிலிருந்து இறங்கியவர்களை அவன் நடைமேடையிலேயே நிறுத்தினான். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது, ஆயினும் சொன்னான். தனக்குக் காட்டப்பட்ட பதவியையும், அதற்குக் கேட்கப்பட்ட விலையையும் சொன்னான். இளைஞர் சிலர் கொதித்தனர். இப்போதே வேலையை நிறுத்துவோம் என்றனர்.

ஏசுபாதம் கையமர்த்தினார். “நிறுத்துனா சாயங்காலமே லாரில வேற ஆள இட்டாருவான். நாம வேல செய்வோம்டா. முன்னால பாக்க ஆள் இல்லாம ரயில் கட்டமாட்டோம், அவ்ளோதான். ஒண்டி டிராலின்னா எதுக்கால இன்னா வருதுன்னு தள்றவன் கண்ணுக்கே தெரியும். ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணொண்ணா.”

ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தனர். சிரித்து முடித்தபோது அது முடிவாகியிருந்தது.

விசாரணை என்பது அதிகாரியின் குளிரூட்டிய அறையில், பிஸ்கட் தட்டின் முன்னிலையில் நடைபெற்றது. துரைராஜ் அதிகாரியின் வலப்பக்கம் அமர்ந்து, குப்புராஜை நோக்கி ஊக்கமூட்டும் புன்னகையை அவிழ்த்துவிட்டார். சவுரிமுத்து குடித்திருந்தானா என்று அதிகாரி கேட்டார். கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இல்ல சார்,” என்றான் குப்புராஜ். “அப்படியே குடிச்சிருந்தாலும் அவரு கால் போயிருக்காது, முன்னால ஒரு ஆள் இருந்திருந்தா. அது நான் நிக்க வேண்டிய எடம். இவருதான் வேணாம்னுட்டாரு.”

துரைராஜின் புன்னகை இருந்த இடம் தெரியவில்லை. அதிகாரி, எல்லாவற்றையும் பரிசீலிப்பதாகச் சொன்னார். பரிசீலனை என்பது பெரிய இடங்களில் சிறிய பொருள்களைப் போட்டு மூடி வைக்கும் பாத்திரம். வெளியே வந்ததும் துரைராஜ், நாளை முதல் வர வேண்டாம் என்று குப்புராஜிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“நாளைக்குத்தான சார்?” என்றான் குப்புராஜ். “இன்னிக்கு டூட்டி கீது.”

அவ்வேளையில் சிங்கப்பூர் விமானம் தரையிறங்கிற்று. தொலைக்காட்சிப் பெட்டிகளும் போர்வை மூட்டைகளுமாகப் பயணிகள் வெள்ளம் சுங்கத்தைக் கடந்து பொங்கி வந்து, டிராலிகள் நிற்க வேண்டிய இடத்தில் வெறுந்தரையைக் கண்டு திகைத்து நின்றது. திடலிலிருந்து டிராலிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்று வந்தது. பின்னால் மற்றொன்று வந்தது. வேலை நடக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை அழைப்பைப் போல அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

துரைராஜ் கத்தினார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். டிராலியை ஒவ்வொன்றாகத் தள்ளுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்பது அவருக்கே தெரியாததால், அந்த மிரட்டல் நீரூற்றின் எச்சிலோடு கலந்து போயிற்று. இறுதியில் வீரம் மிகுந்து, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தாமே ஒரு ரயிலைக் கட்டித் தள்ளத் தொடங்கினார். சரிவின் அடிவாரம் வரை வந்துவிட்டார். அங்கே நின்றுவிட்டார். எதிரே ஈரத்தில் மின்னும் அவருடைய அருமைக் கல். முன்னால் யார் நிற்கிறார்கள், என்ன வருகிறது, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. கழுத்துப்பட்டை நனைந்து மார்பில் ஒட்டிக்கிடக்க, எவனாவது வந்து தலையைப் பிடியுங்களடா என்று கெஞ்சலும் அதட்டலுமாகக் கூவினார்.

ஒருவரும் திரும்பவில்லை. கூட்டித் துடைக்கும் பெண்கள் துடைப்பங்களை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தனர். அந்தச் சரிவைக் கழுவிய கைகள் அவை. குப்புராஜ் மட்டும் தன் டிராலியை நிறுத்திவிட்டு அவரிடம் வந்தான். தன் கழுத்திலிருந்த மஞ்சள் விசிலைக் கழற்றி, அவர் பிடித்திருந்த கைப்பிடியில் மாட்டினான்.

“இத்த ஊதிக்கினே தள்ளுங்க சார்,” என்றான். “எல்லாரும் ஒதுங்கிடுவாங்க.”

பெண்களிடையே எழுந்த சிரிப்பு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே சென்றது.

அன்று மாலை அதிகாரி பேச்சுவார்த்தைக்கு வரச் சொன்னார். யாரை, என்றைக்கு என்று சொல்லவில்லை. குப்புராஜின் வேலை போனது போனபடியே இருந்தது. சவுரிமுத்துவின் காலில் கம்பி இருந்தது. அடையாற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில், வேலை இல்லாத குப்புராஜும், முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட கார்டுகளும் திரிசூலத்தில் வந்து இறங்கினர். காவலாளி அவர்களைத் தடுத்தபோது, வாயிலுக்கு வெளியே சாலையோரம் மழையில் நின்றனர். உள்ளே திடலிலிருந்து டிராலிகள் புறப்பட்டன. ஆளுக்கு ஒன்றாய், ஒருவன் பின் ஒருவனாய், ஏசுபாதம் தலைமையில் மெல்ல ஊர்ந்து வாயிலின் உட்புறமாகக் கடந்து சென்றது அந்த வரிசை. முதல் டிராலியைத் தள்ளி வந்த ஏசுபாதத்தின் கழுத்தில் விசில் இல்லை. ஒருவர் கழுத்திலும் இல்லை. சரிவு வந்தபோது அவர் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். பின்னால் வந்தவன் உயர்த்தினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் உயர்த்தினான். கடைசியில் வந்தவன், வெளியே சாலையோரம் நின்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். குப்புராஜும் உயர்த்தினான்.

அந்த வரிசையில் ஒவ்வொருவனுக்கும் முன்னால் பார்க்க ஒருவன் இருந்தான்.