ஏணி உள்ள படகு

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சாப்பிட்டு முடிந்ததும் மகேந்திரன் தன் கைத்தொலைபேசியை மேசைமேல் மெல்ல நகர்த்தி, தனேஸ்வரியின் தட்டுக்கருகில் கொண்டுவந்து வைத்தார். திரையில் ஒரு படகு.

தனேஸ்வரி குவளையைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக அந்த மனிதர் படகு என்று வாய் திறந்ததில்லை.

அதற்கு முன்பெல்லாம் அவர்களிடம் எப்போதும் ஒரு படகு இருந்துகொண்டேயிருக்கும். எதையும் வாங்கியதில்லை, வாங்கப்போவதுமில்லை. பழைய படகு விற்கும் விளம்பரங்களில் அலசி ஆராய்ந்து ஒன்றைப் பொறுக்குவார்கள். வேறு யாராவது அதை வாங்கிக்கொண்டு போகும்வரை அதுதான் ‘நம்ம படகு’. போய்விட்டால் இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறையும். பிறகு அடுத்ததைத் தேடத் தொடங்குவார்கள்.

மகேந்திரன் புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தெட்டு வருடமாக ஃபிட்டர். ஆசைப்படுவதற்கும் அவர் விதி வைத்திருந்தார். புதுப்படகு ஆகாது, அது காசுள்ளவன் சங்கதி. பழசென்றால் நாமே பிரித்துப் பூட்டிக்கொள்ளலாம். முப்பது அடிக்குக் கீழே போனால் அலையில் எகிறும், நாற்பதைத் தாண்டினால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். ஒருவர் ஸ்டீரிங்கிலும் ஒருவர் கயிற்றிலுமாக இரண்டே பேர் கரை சேர்க்கிற அளவாக இருக்க வேண்டும். படுக்க ஓர் அறை, இரண்டு டீசல் இன்ஜின்.

ஸ்டீரிங் தனேஸ்வரிக்கு. அதில் மறுபேச்சே கிடையாது. கல்யாணமான புதிதில், பாசிர் பெனாம்பாங்கில் மகேந்திரன் இன்ஜின் சரிசெய்து கொடுத்த ஒரு சீன மீனவர் இருவரையும் ஆறு கடலில் சேரும் இடம்வரை கூட்டிப்போனார். மகேந்திரன் விளிம்பில் தொங்கி வாந்தியெடுத்துக்கொண்டிருக்க, தனேஸ்வரிதான் படகைத் திருப்பி ஓட்டிவந்தாள். “உன் பொண்டாட்டிய என்கிட்ட வேலைக்கு அனுப்பு, நீ வேணாம்” என்றார் மீனவர்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கை முக்கால்வாசி சரியாகிவிட்டது, கால் பாதிதான். நான்கு கால் ஊன்றுகோல் ஒன்று வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. மகேந்திரன் இரவு ஷிஃப்டை விட்டார். சமைத்தார், துவைத்தார், சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். போல்ட்டு முறுக்குகிற கை அல்லவா, சடை அன்று முழுக்கக் கலையாது, தலையும் வலிக்கும். அவள் சொன்னதில்லை. எல்லாம் செய்தவர் படகை மட்டும் தேடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அன்பாக ஏதாவது பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் ஒரு படகைப் பொறுக்கினால், அதில் அவளும் வருவாள் என்று நினைக்கிறார் என்று பொருள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இப்போது திரையில் வந்திருந்தது தட்டையான, பெட்டி போன்ற ஒரு மிதக்கும் வீடு.

“இது ஏரியில ஓடுறதுங்க” என்றாள்.

“ஆமா லா, அலையே இருக்காது. வாசல் எவ்ளோ அகலம் பாரு. ஏறுறதுக்குச் சாய்வுப் பலகை, ஒரு படி கிடையாது. பாத்ரூம்ல ரெண்டு பக்கமும் பிடி இருக்கு.”

“இன்ஜின்?”

“சின்னதுதான்.”

“எத்தன மணி நேரம் ஓடிருக்கு?”

மகேந்திரன் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினார். அவர் அதைப் பார்த்திருக்கவேயில்லை.

“சரி, ஸ்டீரிங் எங்க?”

“அத யாராச்சும் ஓட்டிக்கலாம், தனம். நீ இங்க உக்காந்துக்கலாம், பாரு, சாய்வு நாற்காலி. குஷன்லாம் போட்டிருக்கான்.”

தனேஸ்வரி தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

“கிலினிக் மாதிரி இருக்கு.”

“உனக்காகத்தான் தேடுனேன். மூணு வாரமா.”

“தெரியுது.”

“அப்புறம் என்னா?”

“நாம இத வாங்கப் போறோமா?”

“எங்கேருந்து வாங்குறது? ஆளப் பாரு.”

“எதையுமே வாங்கப் போறதில்ல. சும்மா ஆசப்படுறதுதானே. அந்த ஆசையில கூட நான் ஏணி ஏறக் கூடாதாங்க?”

மகேந்திரன் எழுந்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு தட்டு, இரண்டு குவளை, ஒரு சட்னிக் கிண்ணம். அவற்றைக் கழுவ அவருக்கு வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்தபோது தனேஸ்வரி தன் தொலைபேசியை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நாலு மாசமா விக்கல.”

முப்பத்தாறு அடி. தொண்ணூற்றெட்டில் கட்டியது. வெள்ளை உடம்பில் நீலக்கோடு, இரட்டை டீசல், முன்னால் படுக்கையறை. கூரைக்கு மேலே திறந்த மேல்தட்டில் ஸ்டீரிங். விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரிங்கிட். அந்த வரியை இருவரும் படிக்காததுபோல் தாண்டிப் போனார்கள். கிடப்பது சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஒரு படகுப் பட்டறையில், காரில் இருபது நிமிடம்.

மகேந்திரன் படங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கடைசிப் படத்தில் நின்றார்.

“மேல போற ஏணி ஏழு படி, தனம். செங்குத்தா வேற நிக்குது.”

“எண்ணிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்குக் கடல் ஏத்தத்துல ஆத்துத் தண்ணி முழுசா ஏறிடும். அப்ப படகு கட்டுற ஜெட்டிப் பலகையும் படகும் ஒரே மட்டமா இருக்கும். போன் பண்ணிக் கேட்டேன்.”

அவர் மூன்று வாரம் தேடியிருந்தார். அவள் நான்கு மாதம்.

*

பட்டறைக் காவலுக்கு இருந்தவர் அப்பளசாமி. ஒல்லியான மனிதர், அறுபதைத் தாண்டியிருப்பார். சாவிக்கொத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

“வாங்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களாண்ணே?”

“பாக்கத்தான்” என்றார் மகேந்திரன்.

“நல்லதாப் போச்சு. வாங்க வந்தா நான் பொய் சொல்லணும்.”

தண்ணீர் அவள் கேட்டுவைத்த உயரத்தில் இருந்தது. படகு ஜெட்டியோடு ஒட்டி மிதந்தது. படத்தில் தெரியாத அழுக்கெல்லாம் நேரில் தெரிந்தது. நீலக்கோடு பாதி வெளிறியிருந்தது. மகேந்திரன் குனிந்து தனேஸ்வரியின் செருப்பைக் கழற்றி, தன்னுடையதற்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

அப்பளசாமி அதைப் பார்த்தார். “வாங்க வர்றவங்க ஷூவோடதான் ஏறுவாங்க. சொந்தக்காரங்கதான் கழட்டுவாங்க.”

“காது குளிருது அண்ணே” என்றாள் தனேஸ்வரி.

ஒரே எட்டில் அவள் பின்தளத்தில் நின்றாள். உள்ளே பூஞ்சை வாடை. ஒரு சின்ன அடுப்பு, மடக்கு மேசை, முன்னால் இரண்டு பேர் ஒட்டிப் படுக்கிற அளவுக்கு மெத்தை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். மகேந்திரன் எதையும் தொடவில்லை. தரையோடு பதிந்த இன்ஜின் மூடிமேலேயே நின்றுகொண்டு, கீழே குனிந்துகூடப் பாராமல் ஏணியையே அளந்துகொண்டிருந்தார்.

“நான் மேல போய் நாலஞ்சு போட்டோ எடுத்தாரேன். நீ இங்கயே உக்காரு.”

“போட்டோ என்கிட்டயே இருக்குங்க. கீழ நின்னு கால மட்டும் பிடிங்க.”

“விழுந்தா?”

“உங்க மேலதான் விழுவேன்.”

அவள் ஊன்றுகோலை நீட்டினாள். அப்பளசாமி அதை வாங்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

இரண்டு கைகளாலும் ஏணியின் கம்பிகளைப் பற்றினாள். வலது கால் முதல் படியில் ஏறியது. இடது கால் தரையை விட மறுத்தது. மகேந்திரன் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, பாதத்தைப் படியில் பொருத்தி, ஒருமுறை அழுத்தினார்.

“வச்சாச்சு.”

அடுத்த படி. “வச்சாச்சு.” மூன்றாவதில் அவள் இடக்கை நழுவிப் பிறகு பிடித்துக்கொண்டது. அவர் தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தார். “எறங்கிடலாமா” என்று கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. “ம்” என்றார், அவ்வளவுதான். நான்கு. ஐந்தாவது படியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. அங்கே நின்றாள். தலையும் தோளும் மேல்தட்டுக்கு மேலே வந்திருந்தன. அவளைத் தாண்டி மகேந்திரன் ஏற வழியில்லை. ஏணி ஒருவருக்குத்தான் இடம் விட்டது. இரண்டு படி கீழே நின்று, கையை அவள் இடுப்பைச் சுற்றிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தெரியுது?” குரல் அவள் முதுகில் பட்டது.

“ஆறு தெரியுது. அக்கரை மரம். மீன் படகு ரெண்டு உள்ள வருது.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஸ்டீரிங் இருக்கு.”

“எப்பிடி இருக்கு?”

“உறை கிழிஞ்சு தொங்குது. சீட்டு வெயில்ல வெடிச்சு, உள்ள இருக்குற ஸ்பஞ்சு தெரியுது. முன் கண்ணாடி ஒரு மூலையில விரிசல்.”

மீன் படகு கிளப்பிய அலை வந்து தட்டியது. படகு ஆடியது, அவர் கை இறுகியது.

“சீட்ட மாத்திக்கலாம்” என்றார். “கோலசிலாங்கூர்ல பஸ் சீட்டு தைக்கிறவன் ஒருத்தன் இருக்கான்.”

“கண்ணாடி?”

“அது பெரிய வேல இல்ல. ஏணிதான் தப்பா செஞ்சிருக்கான், மடையன். படி குறுகல். எடப் பக்கம் இன்னொரு பிடி வெல்டு பண்ணணும், மேல வரைக்கும். ஸ்டெயின்லெஸ் பைப்புதான் சரி, ஒண்ணேகால் இன்ச்சு. உன் கைக்கு அதான் அடங்கும்.”

தனேஸ்வரி திரும்பிப் பார்க்க முடியாது. வெடித்துப்போன சீட்டையே பார்த்தபடி, அவர் பேசட்டும் என்று அசையாமல் நின்றாள்.

“அண்ணே” என்று மகேந்திரன் பின்னால் குரல் கொடுத்தார். “இந்த இன்ஜின் மூடியத் தொறக்க முடியுமா? உள்ள எப்பிடி வச்சிருக்கான்னு பாக்கணும்.”

“சாவி இருக்குண்ணே” என்றார் அப்பளசாமி, ஆற்றைப் பார்த்தபடியே.

“இன்ஜின் எங்கயும் போவாது” என்றாள் தனேஸ்வரி. தொடை நடுக்கம் குறைந்திருந்தது. “இன்னும் ரெண்டு படி இருக்கு. கீழ பாருங்க, வலது கால் எடுக்கப் போறேன்.”

அவர் குனிந்து, அதற்கடுத்து ஏற வேண்டிய அவள் இடது கணுக்காலைப் பிடித்தார்.